ஃபில்டர் கெட்ட இஞ்சின்

(இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க் குழு நண்பர்கள் கேட்டார்கள். கவிதை எனக்கு வராது. ஜோக் எழுதினால் யாரும் சிரிப்பதில்லை. எனக்குக் கொஞ்சம் தெரிந்த விஷயங்கள் இரண்டு. ஒன்று இஞ்சின், அதை வகுப்பில் படித்தேன். இன்னொன்று பீடி, அதை எங்கள் வீட்டில் படித்தேன். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் புகைப்பழக்கம் பற்றி நமக்குப் புரிகிற பாஷையிலேயே பேசலாம் என்று தோன்றியது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

"ஆரம்பிச்சுட்டான்டா அட்வைஸ்" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இங்கே திட்டு கிடையாது. யார் தம் அடிக்கிறார்கள் என்று பெயர் சொல்லப் போவதும் இல்லை. இடைவேளையில் டீக்கடைப் பக்கம் நிற்பவர்களில் பாதிப் பேர் என் நண்பர்கள். அரியர் பேப்பருக்கு எனக்கு நோட்ஸ் கொடுத்தவர்களும் அவர்கள்தான்.

நம்ம ஊரும் சுருட்டும்

திருச்சி என்றால் மலைக்கோட்டை, ஸ்ரீரங்கம் ராஜகோபுரம், காவிரி, பெல், பொன்மலை ஒர்க்‌ஷாப் என்று அடுக்குவோம். நூறு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைக்காரனிடம் கேட்டிருந்தால் முதலில் சுருட்டைத்தான் சொல்லியிருப்பான். "ட்ரிச்சினாபொலி சுருட்டு" அந்த நாளில் கடல் தாண்டிப் பெயர் வாங்கிய சரக்கு. உறையூர்ப் பக்கம் குடிசைக்குக் குடிசை சுருட்டுச் சுற்றினார்கள். புகையிலை திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்தது. ஆர்தர் கோனன் டாயில் 1887-இல் வெளியிட்ட முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலில், கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே இது ட்ரிச்சினாபொலி சுருட்டு என்று ஹோம்ஸ் கண்டுபிடித்துவிடுவார். லண்டனில் நடக்கிற கதையில் நம்ம ஊர்ச் சாம்பல்!

சோழர்களின் பழைய தலைநகரான உறையூருக்கு இப்படியும் ஒரு புகழ். எங்கள் தாத்தாவும் அங்கே சுருட்டுச் சுற்றியவர். பகலெல்லாம் சுற்றுவார், சாயங்காலம் அதிலேயே ஒன்றைப் பற்ற வைப்பார். கூலியோடு கிடைத்த பழக்கம் அது. கடைசிக் காலத்தில் வாயில் ஆறாத புண் வந்து, சோறு விழுங்க முடியாமல் போய்ச் சேர்ந்தார். நான் பிறப்பதற்கு முன்பே நடந்தது, பாட்டி சொல்லித்தான் தெரியும். "பல்லுல ஏதோ பிரச்சினைன்னு நெனச்சோம்" என்பார் பாட்டி. எங்கள் வீட்டில் யாருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். ஆகவே அது புற்றுநோயா என்று பெயர் வைத்துச் சொல்லக்கூட அன்றைக்கு வீட்டில் ஆள் இல்லை.

புகைக்குள் என்ன இருக்கிறது?

நம்ம பாடத்துக்கு வருவோம். எரிபொருள் முழுமையாக எரிந்தால் கரியமில வாயுவும் நீராவியும் மிஞ்சும். காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு, கரித்தூள், பாதி எரிந்த ஹைட்ரோகார்பன் எல்லாம் வெளியே வரும். கருப்புப் புகை கக்குகிற பழைய லாரியைப் பார்த்தால், "கம்பஸ்சன் சரியில்லை" என்று உடனே சொல்லிவிடுவோம்.

சிகரெட் என்பது வேண்டுமென்றே அரைகுறையாக எரிய விட்ட ஒரு அடுப்பு. நாம் இழுக்கும்போது நுனியில் வெப்பம் சுமார் 900 டிகிரி செல்சியஸ் வரை போகிறது. அந்தச் சூட்டில் புகையிலை உடைந்து, 7,000-க்கும் மேற்பட்ட ரசாயனங்கள் புகையில் கலக்கின்றன. அவற்றில் சுமார் 70 புற்றுநோய் உண்டாக்குபவை என்று கண்டறியப்பட்டவை. பெட்ரோலில் இருக்கிற பென்சீன், பேட்டரியில் பயன்படுகிற காட்மியம், பிணத்தைக் கெடாமல் வைக்கிற ஃபார்மால்டிஹைடு, எலி மருந்தில் இருந்த ஆர்சனிக் எல்லாம் அதில் உண்டு. இந்தச் சாமான்களில் ஒன்றை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தால் யாராவது குடிப்போமா?

இதில் கார்பன் மோனாக்ஸைடைத் தனியாகச் சொல்ல வேண்டும். மூடிய ஷெட்டுக்குள் வண்டியை ஸ்டார்ட் செய்து விடாதே என்று ஒர்க்‌ஷாப்பில் எச்சரிப்பது இதற்காகத்தான். நம் ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமந்து போவது ஹீமோகுளோபின். அது ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொள்வதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகக் கார்பன் மோனாக்ஸைடைப் பிடித்துக்கொள்ளும். சீட்டை வேறு ஆள் பிடித்துவிட்டால் ஆக்ஸிஜனுக்கு பஸ்ஸில் இடம் இல்லை. அதே வேலையைச் செய்ய இதயம் அதிகமாக அடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கிரவுண்டில் இரண்டு ரவுண்டு ஓடியதும் தம் பார்ட்டிகள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது இதனால்தான்.

ஃபில்டர் எப்படிக் கெடுகிறது?

வண்டிக்கு ஏர் ஃபில்டர் இருப்பது போல நம் மூச்சுக்குழாயிலும் ஒரு ஏற்பாடு இருக்கிறது. உள்ளே சளிப் படலம், அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிரிழைகள். தூசியும் கிருமியும் சளியில் ஒட்டிக்கொள்ளும். மயிரிழைகள் நெற்கதிர் அசைகிற மாதிரி ஓயாமல் அசைந்து, அந்தச் சளியை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். தானே சுத்தம் செய்துகொள்கிற ஃபில்டர்!

புகை பட்டதும் இந்த மயிரிழைகள் மயங்கி நின்றுவிடும். தொடர்ந்து பட்டால் அழிந்தே போகும். சளி தேங்கும். தேங்கிய சளியை வெளியேற்ற உடம்புக்கு மிச்சம் இருக்கிற ஒரே வழி இருமல். பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் காலையில் எழுந்ததும் இருமுவது ஏன் தெரியுமா? ராத்திரி ஏழெட்டு மணி நேரம் புகை இல்லாததால் மிச்ச மயிரிழைகள் கொஞ்சம் விழித்து, வேலையை ஆரம்பிக்கின்றன. காலையில் முதல் பீடி பிடித்ததும் மறுபடியும் மயங்கிவிடும், இருமலும் அடங்கும். "பீடி புடிச்சாத்தான்டா சளி எளகுது" என்று பெரியவர்கள் நம்புவதற்கு இதுதான் காரணம்.

ஃபில்டருக்கு அடுத்து உள்ளே இருப்பவை காற்றுப் பைகள். இரண்டு நுரையீரலிலும் சேர்த்து 30 கோடிக்கு மேல். எல்லாவற்றையும் விரித்துப் போட்டால் ஒரு பாட்மிண்டன் கோர்ட்டுக்குக் கொஞ்சம் குறைவான பரப்பு வரும். ரேடியேட்டரில் அத்தனை தகடுகள் வைத்திருப்பது போல, பரப்பு அதிகமானால் பரிமாற்றம் அதிகம். புகை இந்தப் பைகளின் சுவரை அரித்து, பல சின்னப் பைகளை ஒரு பெரிய ஓட்டைப் பையாக்கிவிடுகிறது. பரப்பு குறைந்துவிடும். இப்படி உடைந்த பைகள் திரும்ப முளைப்பதில்லை.

பழைய இஞ்சினில் கம்ப்ரஷன் பார்ப்பது போல நுரையீரலுக்கும் ஒரு டெஸ்ட் உண்டு. ஸ்பைரோமீட்டர் என்ற கருவியில் மூச்சை நன்றாக இழுத்து, முழு வேகத்தில் ஊத வேண்டும். நல்ல நுரையீரல் உள்ள ஆள் மொத்தக் காற்றில் சுமார் முக்கால் பங்கை முதல் ஒரு விநாடியிலேயே ஊதிவிடுவார். அடைப்பு உள்ளவரால் முடியாது. வயது ஏற ஏற இந்த அளவு எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், அது இயற்கைத் தேய்மானம். புகை பிடிப்பவர்களில் பலருக்கு வேகமாகக் குறைகிறது. 1977-இல் இங்கிலாந்தில் சார்லஸ் பிளெட்சர், ரிச்சர்ட் பீட்டோ என்ற இருவர் இதைக் கிராஃப் போட்டுக் காட்டினார்கள். அதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பழக்கத்தை விட்டால் போன கொள்ளளவு திரும்ப வராது, ஆனால் தேய்கிற வேகம் புகைக்காதவர்களின் வேகத்துக்கு இறங்கிவிடும். ஆகவே எப்போது விட்டாலும் மிச்சம் இருப்பது மிஞ்சும். சீக்கிரம் விட்டால் நிறைய மிஞ்சும்.

நுரையீரலோடு முடிந்துவிடவில்லை. வாய், தொண்டை, உணவுக்குழாய், சிறுநீர்ப்பை ஆகிய இடங்களிலும் புற்றுநோய் வருகிறது. ரத்தக் குழாய்கள் தடித்து மாரடைப்பும் பக்கவாதமும் வருகின்றன. நம்ம நாட்டில் பீடி பிடிக்கும் இளவயது ஆண்களுக்குக் கால் விரல் கருத்துப் போகிற ஒரு நோய் உண்டு, பர்ஜர் நோய் என்று பெயர். விரலில் ஆரம்பித்துக் காலையே எடுக்க வேண்டிய நிலைமை வரும். புகையை நிறுத்துவதுதான் அதற்கு முதல் மருந்து. கல்யாணம் ஆகப் போகிறவர்கள் கவனத்துக்கு இன்னொன்று: ஆண்மைக் குறைவுக்கும் புகை ஒரு காரணம்.

"நான் டெய்லி ஒண்ணே ஒண்ணுதான்டா" என்பார்கள். 20 பிடித்தால் வரும் இதய ஆபத்தில் ஒன்று பிடித்தால் இருபதில் ஒரு பங்குதானே வர வேண்டும்? கணக்கு அப்படி இல்லை. 2018-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வுத் தொகுப்பின்படி, தினம் 20 பிடிப்பவருக்குக் கூடுகிற இதய நோய் ஆபத்தில் கிட்டத்தட்டப் பாதி, தினம் ஒன்று பிடிப்பவருக்கும் கூடுகிறது.

பீடி லேசானதா?

"சிகரெட்தான் கெமிக்கல், பீடி இலையில சுத்துனது, ஒண்ணும் பண்ணாது" என்று ஒரு பேச்சு உண்டு. பீடிக்குள் இருக்கும் புகையிலைத் தூள் சிகரெட்டில் இருப்பதைவிட ரொம்பக் கம்மி என்பது உண்மை. ஆனால் பீடி இலையில் சிகரெட் பேப்பர் மாதிரி காற்றுப் புகாது. அடிக்கடி அணைந்தும் போகும். அணையாமல் இருக்க வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். அதனால் தாரும் கார்பன் மோனாக்ஸைடும் நிகோடினும் சிகரெட்டுக்குச் சமமாகவோ அதற்கு மேலோ உள்ளே போகின்றன.

2008-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான இந்திய ஆய்வு, நாடு முழுவதும் 11 லட்சம் வீடுகளில் விசாரித்துச் செய்யப்பட்டது. பீடி பிடிக்கும் ஆண்கள் சராசரியாக 6 ஆண்டுகளையும், சிகரெட் பிடிக்கும் ஆண்கள் சராசரியாக 10 ஆண்டுகளையும் இழக்கிறார்கள் என்று அது சொல்கிறது. ஆறு வருஷம் என்றால் நாம் ஏழாம் வகுப்பில் சேர்ந்து பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் வரை ஆகிற காலம்.

தமிழ்நாடு சொன்ன பாடம்

புகை என்றால் புற்றுநோய் என்றுதான் நாம் நினைக்கிறோம். காசநோயை, அதாவது டி.பி.யை, யாரும் நினைப்பதில்லை. அதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னது நம்ம தமிழ்நாட்டில் நடந்த ஓர் ஆய்வு. சென்னை நகரத்திலும் விழுப்புரம் கிராமப் பகுதியிலும் 1990-களில் இறந்துபோன 43,000 ஆண்களின் வீடுகளுக்குப் போய், அவர்கள் புகை பிடித்தார்களா, எப்படி இறந்தார்கள் என்று விசாரித்தார்கள். உயிரோடு இருக்கும் 35,000 ஆண்களோடு அதை ஒப்பிட்டார்கள். டாக்டர் வேந்தன் கஜலட்சுமி தலைமையில் நடந்த இந்த ஆய்வு 2003-இல் லான்செட் இதழில் வந்தது. நாட்டின் முன்னோடிப் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர் டி.எஸ். கனகாவும் அதில் பங்கு பெற்றவர்.

முடிவு என்ன? புகை பிடிக்கும் ஆண்கள் டி.பி.யால் இறக்கும் ஆபத்து, பிடிக்காதவர்களைவிடச் சுமார் நாலு மடங்கு. இந்தியாவில் டி.பி.யால் இறக்கும் ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் சாவுக்குப் புகை காரணமாக இருக்கிறது. நம்மில் பலர் உடம்பில் டி.பி. கிருமி தூங்கிக்கொண்டு இருக்கும். ஃபில்டர் கெட்ட நுரையீரலில் அது விழித்துக்கொள்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

இந்த ஆய்வைப் பற்றி நான் ஏன் தேடிப் படித்தேன் என்று சொல்கிறேன். என் அப்பா காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். பதினாறு வயதில் பீடி பிடிக்க ஆரம்பித்தவர். சின்ன வயதில் பீடிக் கட்டு வாங்கி வர என்னைத்தான் அனுப்புவார், மிச்சச் சில்லறைக்கு மிட்டாய். மூன்று வருஷத்துக்கு முன்னால் தினமும் சாயங்காலம் காய்ச்சல், விடாத இருமல், உடம்பு இளைத்துப் போனது. ஒரு தடவை மலைக்கோட்டைக்குப் போனபோது, நானூறுக்கும் மேற்பட்ட படிகளில் தாயுமானவர் சந்நிதி வரைக்கும்தான் அவரால் ஏற முடிந்தது. நூறு கிலோ மூட்டையைத் தூக்கிய மனுஷன் அங்கே உட்கார்ந்துகொண்டு, "நீங்க போய்ப் பிள்ளையாரைப் பாத்துட்டு வாங்க, நான் இங்கனயே இருக்கேன்" என்றார். சளிப் பரிசோதனையில் டி.பி. என்று வந்தது. ஆறு மாதம் மாத்திரை, இலவசம். கிருமி போய்விட்டது. ஆனால் ஸ்பைரோமீட்டரில் ஊதச் சொன்னபோது, கருவி பொய் சொல்லவில்லை. "டி.பி.யை நாங்க பாத்துக்கிட்டோம், பீடியை நீங்கதான் பாத்துக்கணும்" என்றார் டாக்டர் அம்மா.

அப்பாவிடம் மகன் எப்படிச் சொல்வது? எங்கள் வீட்டில் அப்பாவை எதிர்த்துப் பேசிப் பழக்கம் இல்லை. பீடிக் கட்டில் இருந்த படத்தைக் காட்டி, "இதுல என்னப்பா எழுதியிருக்கு தெரியுமா?" என்று கேட்டேன். "எனக்கு எங்கடா படிக்கத் தெரியும், நீயே படி" என்றார். படித்துக் காட்டினேன். 2009-இலிருந்து புகையிலைப் பொட்டலங்களில் எச்சரிக்கைப் படம் போடுகிறார்கள். 2016 ஏப்ரல் 1 முதல் அட்டையில் 85 சதவீதம் அளவுக்கு அது இருக்க வேண்டும் என்பது விதி. படிக்கத் தெரியாதவர்களுக்காகத்தான் அந்தப் படம். கீழே ஒரு போன் நம்பரும் இருக்கிறது. அதைப் படித்துச் சொல்ல ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது படித்திருந்தால் போதும்.

"டென்ஷனுக்கு ஒரு தம்"

அப்பா சொன்னது: "ஒரு பீடி புடிச்சாத்தான்டா அடுத்த மூட்டைக்குத் தெம்பு வருது." நம்ம ஆட்கள் சொல்வது: "வைவா டென்ஷன் மச்சான், ஒரு தம் போட்டாத்தான் சரியாகும்." இரண்டும் ஒன்றுதான்.

புகையை இழுத்த 10 முதல் 20 விநாடிக்குள் நிகோடின் மூளைக்குப் போய்விடுகிறது. அங்கே டோபமின் என்ற பொருளைச் சுரக்க வைக்கிறது, ஒரு சுகம் தெரிகிறது. பிறகு ரத்தத்தில் நிகோடின் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகக் குறையும். குறையக் குறைய எரிச்சல், கவனம் சிதறல், படபடப்பு. அடுத்த சிகரெட் அந்தப் படபடப்பை அடக்குகிறது. படபடப்பைக் கொண்டு வந்ததே முந்தைய சிகரெட் என்பது நமக்குத் தெரிவதில்லை. சிகரெட் பிடிக்காத பையனுக்கும் வைவா டென்ஷன் உண்டு. ஆனால் அவனுக்கு ஒரு டென்ஷன்தான், தம் பார்ட்டிக்கு இரண்டு.

ஸ்டைல் என்று ஆரம்பித்தவர்களும் உண்டு. சிகரெட்டைத் தூக்கிப் போட்டு வாயில் பிடிக்கும் ரஜினி ஸ்டைலைப் பார்த்து எங்கள் மாமா காலத்துப் பையன்கள் எத்தனை சிகரெட்டை ரோட்டில் தவற விட்டார்களோ! அந்த ரஜினிகாந்தே பிற்காலத்தில், கணக்கில்லாமல் புகைத்த தன்னை அன்பால் மாற்றியவர் மனைவி என்று மேடையில் வெளிப்படையாகச் சொன்னார். ரசிகர்கள் அதையும் பின்பற்றலாமே.

கொஞ்சம் கணக்கு

ஒரு சிகரெட் 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 5. அப்படியானால் நாளுக்கு 50, மாதத்துக்கு 1,500, வருஷத்துக்கு 18,250 ரூபாய். டிப்ளமோ மூன்று வருஷத்துக்கு 54,750 ரூபாய். ஒரு நல்ல செகண்ட் ஹேண்ட் பைக் புகையாகப் போகிறது. எங்கள் வீட்டில் பீடிக்கு நாளுக்கு 30 ரூபாய் என்று அம்மா கணக்குச் சொன்னார். வருஷத்துக்கு 10,950 ரூபாய். ஸ்ரீரங்கத்தில் பூக் கட்டி முழம் முழமாக விற்கிற அம்மாவுக்கு அந்தப் பணத்தைச் சம்பாதிக்க எத்தனை நாள் ஆகும் என்று அம்மாவுக்குத்தான் தெரியும்.

பக்கத்தில் இருப்பவர்கள் கணக்கு தனி. எங்கள் வீடு ஒரே அறை. அம்மாவும் தங்கச்சியும் ஒரு பீடியும் பிடித்ததில்லை, ஆனால் வருஷக்கணக்கில் அந்தப் புகையைச் சுவாசித்தார்கள். தங்கச்சிக்கு மழைக்காலம் வந்தால் வீசிங். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி புகையிலையால் உலகத்தில் ஆண்டுக்கு 70 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறக்கிறார்கள். அதில் பத்து லட்சத்துக்கும் மேல், தாங்கள் பிடிக்காமல் அடுத்தவர் புகையைச் சுவாசித்தவர்கள்.

இப்போது ஒரு நல்ல கணக்கு. ரிச்சர்ட் டால் என்ற ஆங்கில டாக்டரும் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற புள்ளியியல் அறிஞரும் 1950-இல் புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் தொடர்பைக் காட்டினார்கள். டால் அப்போது புகைப்பவர், சொந்த ஆராய்ச்சி முடிவைப் பார்த்துவிட்டு அவரே விட்டுவிட்டார். பிறகு 1951 முதல் 34,439 ஆண் டாக்டர்களை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 2004-இல் வந்த முடிவு: தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாக 10 ஆண்டு முன்னதாக இறந்தார்கள். 60 வயதில் விட்டவர்களுக்கு அதில் 3 ஆண்டு திரும்பக் கிடைத்தது. 50-இல் விட்டவர்களுக்கு 6, 40-இல் விட்டவர்களுக்கு 9. முப்பது வயதில் விட்டவர்களுக்குக் கிட்டத்தட்ட 10 ஆண்டும் திரும்பக் கிடைத்தது. நமக்கு இப்போது பதினெட்டு, பத்தொன்பது.

சட்டம் என்ன சொல்கிறது?

2003-ஆம் ஆண்டு புகையிலைச் சட்டப்படி பதினெட்டு வயதுக்குக் கீழ் இருப்பவருக்கு விற்கக் கூடாது. கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜ தூரத்துக்குள் விற்கக் கூடாது. பொது இடத்தில் புகை பிடித்தால் 200 ரூபாய் வரை அபராதம், இது 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் கடுமையாக்கப்பட்டது. பஸ் ஸ்டாண்ட், ஆஸ்பத்திரி, காலேஜ், கேன்டீன் எல்லாமே பொது இடம்தான். "இது சிகரெட் இல்லடா, வேப்" என்று காட்டுகிற நண்பர்களுக்கு: இ-சிகரெட்டை விற்பது, தயாரிப்பது, இறக்குமதி செய்வது எல்லாம் 2019-இலிருந்து தடை. அதிலும் பெரும்பாலும் இருப்பது அதே நிகோடின்தான்.

100 கஜம் என்பது சுமார் 91 மீட்டர். சர்வேயிங் படிக்கும் சிவில் நண்பர்கள் டேப்பை எடுத்துக்கொண்டு நம்ம கேட்டிலிருந்து அளந்து பார்க்கலாம். மாணவர் சங்கம் அதை ஒரு மனுவாக எழுதிக் கொடுத்தால் முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.

விட நினைப்பவர்களுக்கு

அப்பா முதல் தடவை விட்டு நாலே நாளில் மறுபடி ஆரம்பித்தார். இரண்டாம் தடவை மூன்று வாரம். அப்போது இருமல் கூடிப் போனது, "விட்டதாலதான் இருமல்" என்று திரும்பவும் பிடித்தார். மயிரிழைகள் விழித்துத் தேங்கிய சளியைத் தள்ளுகின்றன, சில வாரத்தில் அடங்கிவிடும் என்று அப்போது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. மூன்றாம் தடவை தெரிந்துகொண்டு விட்டார். இதை எழுதும்போது பதினோரு மாதம் ஆகிறது. மூட்டை தூக்க முடியாது, இப்போது மண்டியில் எடை போடுகிற வேலை. ஆனால் ராத்திரி உட்கார்ந்துகொண்டு தூங்குவதில்லை, படுத்துத் தூங்குகிறார். எங்களுக்கு அதுவே பெரிது.

அவரிடமும், விட்ட சில சீனியர்களிடமும், டாக்டரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டவை:

1. ஒரு தேதி குறியுங்கள். செமஸ்டர் பரீட்சை வாரம் வேண்டாம், முடிந்த மறுநாள் நல்லது. நெருங்கிய இரண்டு பேரிடம் சொல்லிவிடுங்கள்.

2. முதல் மூன்று நாள்தான் ரொம்பக் கஷ்டம். எரிச்சல், தூக்கமின்மை, பசி எல்லாம் வரும். இரண்டு முதல் நாலு வாரத்தில் அடங்கும். அந்த நாட்களில் கோபப்பட்டால் ரூம்மேட்டுகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

3. ஆசை ஒரு அலை மாதிரி வந்து சில நிமிஷத்தில் போய்விடும். அதுவரை தள்ளிப் போடுங்கள். தண்ணீர் குடியுங்கள், மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள், இடத்தை மாற்றுங்கள். அப்பா வாயில் கிராம்பு போட்டுக்கொள்வார்.

4. டீயும் தம்மும் ஜோடி என்றால் கொஞ்ச நாள் டீக்கடையை மாற்றுங்கள். கேன்டீனிலேயே குடியுங்கள்.

5. தானாக முடியவில்லை என்றால் வெட்கம் வேண்டாம். நிகோடின் சூயிங்கம் மருந்துக் கடையில் கிடைக்கிறது, டாக்டரிடம் கேட்டுப் பயன்படுத்தலாம். பொட்டலத்தில் அச்சிட்டிருக்கும் இலவச எண் 1800-11-2356. புகையிலையை விட உதவும் தேசிய உதவி எண் அது.

6. நடுவில் ஒன்று பிடித்துவிட்டால் எல்லாம் போச்சு என்று பாக்கெட் வாங்காதீர்கள். பலருக்கும் இரண்டு மூன்று தடவை முயன்ற பிறகுதான் விட முடிகிறது.

விட்டால் என்ன கிடைக்கும்? 20 நிமிஷத்தில் நாடித் துடிப்பு இறங்க ஆரம்பிக்கும். ஒரு நாளைக்குள் ரத்தத்தில் கார்பன் மோனாக்ஸைடு சாதாரண அளவுக்கு வரும். சில வாரங்களில் மூச்சு இலேசாகும். ஒரு வருஷத்தில் இதய நோய் ஆபத்து, தொடர்ந்து புகைப்பவருக்கு இருப்பதில் பாதி. பத்து வருஷத்தில் நுரையீரல் புற்றுநோய் ஆபத்தும் சுமார் பாதி.

முதலாம் ஆண்டு தம்பிகளுக்கு

கடைசியாக, இந்த வருஷம் சேர்ந்திருக்கும் முதலாம் ஆண்டுத் தம்பிகளுக்கு. உங்களில் பல பேர் என்னைப் போல வீட்டிலிருந்து முதல் தடவை படிக்க வந்தவர்கள். ஊரை விட்டு ஹாஸ்டலுக்கு வந்ததும், "டேய், ஆம்பளையா நீ, ஒரு தம் போடு" என்று ஒருவர் நீட்டுவார். பெரும்பாலும் நல்ல மனசோடுதான் நீட்டுவார், காசும் கேட்க மாட்டார். அந்த ஒன்றுதான் இலவசம். "வேணாம்ணா" என்று சொன்னால் நட்பு கெடாது, நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இரண்டு நாள் கிண்டல் பண்ணுவார்கள், மூன்றாம் நாள் டீ மட்டும் வாங்கித் தருவார்கள்.

நம் ஒவ்வொருவரையும் நம்பி வீட்டில் ஒரு குடும்பம் இருக்கிறது. நாம் முடித்து வேலைக்குப் போய் முதல் சம்பளம் வாங்குகிற நாளை எண்ணிக்கொண்டு இருக்கிறார்கள். அடுத்த முப்பது நாற்பது வருஷம் ஓட வேண்டிய இஞ்சின் இது. ஸ்பேர் கிடைக்காது. விட நினைக்கும் நண்பர்கள் யாராவது இருந்தால் மெக்கானிக்கல் பிளாக்கில் என்னை வந்து பாருங்கள், சேர்ந்து தேதி குறிப்போம்.